நீலப் பட்டையை நம்பிப் போனவர்கள்

சாலையோரத்தில் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, உள்ளே ஒரு சைக்கிள் படமும் வரைந்துவிட்டால் அது சைக்கிள் பாதை ஆகிவிடுமா? கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் லண்டன் மாநகரம் இதற்கு விடை காண ஆறு வருடம் எடுத்துக்கொண்டது. அந்த ஆறு வருடத்தில் மரண விசாரணைகள் நடந்தன, போராட்டம் நடந்தது, உயர் நீதிமன்றம் வரை வழக்கும் போனது.

கதை 2010-ல் தொடங்குகிறது என்றாலும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பிரிட்டனில் சைக்கிளுக்கென்று தனியாகப் பாதை போட்டது 1934-ல். லண்டனின் மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ என்ற சாலையின் இரு பக்கமும் எட்டரை அடி அகலத்தில் கான்கிரீட் பாதை. நீளம் இரண்டரை மைல். திறந்துவைத்தவர் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. அந்த ஒரே ஆண்டில் பிரிட்டன் சாலைகளில் 7,343 பேர் இறந்திருந்தார்கள். அமைச்சருக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டிய கட்டாயம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதையை எதிர்த்தவர்கள் சைக்கிள்காரர்களே! 1878-ல் தொடங்கப்பட்ட சைக்கிள் பயணிகள் சங்கம் (சி.டி.சி.) கடுமையாக எதிர்த்தது. தனிப் பாதை கொடுத்தால் நாளைக்குப் பெரிய சாலையில் உனக்கு இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர்களுடைய பயம். அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அப்போது சாலையில் பெரும்பான்மை அவர்கள்தான். கார் வைத்திருந்தவர்கள் சிறுபான்மை. பெரும்பான்மையாக இருப்பவன் எதற்கு ஓரமாக ஒதுங்க வேண்டும்?

ஆனால் காலம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1949-ல் பிரிட்டன் சாலைகளில் ஓடிய மொத்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சைக்கிளில் ஓடியது. 1973 வாக்கில் அது ஒன்றிரண்டு சதவீதமாகச் சுருங்கிப்போனது. சாலை முழுவதும் எங்களுடையது என்றவர்களுக்குக் கடைசியில் சாலையின் விளிம்புதான் மிஞ்சியது.

இதே காலகட்டத்தில் மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் டேவிஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் 1967-ல் சாலையோரம் கோடு போட்டு சைக்கிளுக்கு ஒதுக்கினார்கள். அந்த நாட்டில் அதுதான் முதல். அகலமான தெருக்கள், சின்ன ஊர், ஊர் நிறைய மாணவர்கள். அங்கே அது நன்றாகவே வேலை செய்தது. நெதர்லாந்தின் கதை வேறு. 1971-ல் அங்கே 3,000 பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள். அதில் 400-க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் 1973-ல் கிளம்பியது. அதன்பின் அந்த நாடு பெரிய சாலைகளில் சைக்கிளைக் காரிலிருந்து பிரிக்கும் வேலையில் படிப்படியாக இறங்கியது. ஆக, இரண்டு மாதிரிகள் உலகத்தின் முன்னால் இருந்தன. ஒன்று பெயிண்ட், இன்னொன்று கல்.

லண்டன் பெயிண்டைத் தேர்ந்தெடுத்தது.

2003-ல் நகரத்தின் மையப் பகுதிக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதித்தார்கள். 2005 ஜூலையில் சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் குண்டுகள் வெடித்தபின் பலர் சைக்கிளை எடுத்தார்கள். 2008 பிப்ரவரியில் அப்போதைய மேயர் கென் லிவிங்ஸ்டன் 12 சைக்கிள் சூப்பர்ஹைவேக்களை அறிவித்தார். அதே ஆண்டு மே மாதத் தேர்தலில் அவர் தோற்க, போரிஸ் ஜான்சன் மேயரானார். ஜான்சனே சைக்கிள் ஓட்டுபவர். திட்டத்தைக் கைவிடாமல் தனதாக்கிக்கொண்டார். பார்க்லேஸ் வங்கி 2.5 கோடி பவுண்டு தருவதாக முன்வந்தது. வாடகை சைக்கிளுக்கும் சூப்பர்ஹைவேக்கும் சேர்த்து ஒரே விளம்பர ஒப்பந்தம். பாதைக்குப் பூசிய நிறம் நீலம், வங்கியின் நிறமும் நீலம். லண்டன்காரர்கள் கேலி செய்யாமல் விடுவார்களா?

2010 ஜூலை 19-ல் முதல் இரண்டு பாதைகள் திறக்கப்பட்டன. தெற்கே மெர்டனிலிருந்து நகரத்துக்குள் வரும் எண் 7, கிழக்கே பார்க்கிங் என்ற ஊரிலிருந்து வரும் எண் 3. (ஊர் பெயரே பார்க்கிங்தான், வண்டி நிறுத்தும் இடம் இல்லை!) அடுத்த ஆண்டு ஜூலையில் போ ரவுண்டானாவிலிருந்து ஆல்ட்கேட் வரை சுமார் நான்கரை கிலோமீட்டருக்கு எண் 2 வந்தது. இந்தக் கட்டுரையின் கதை பெரும்பாலும் இந்த எண் 2-ன் மேல்தான் நடக்கிறது.

"சூப்பர்ஹைவே" என்ற பெயரைக் கேட்டால் மனதில் என்ன தோன்றும்? தரையில் இருந்ததோ சுமார் ஒன்றரை மீட்டர் அகல நீலப் பட்டை. சில இடத்தில் பேருந்துத் தடத்துக்குள்ளேயே பட்டை ஓடியது. சில இடத்தில் சரக்கு இறக்கும் வண்டிகள் குறிப்பிட்ட நேரத்தில் சட்டப்படியே அதன் மேல் நின்றன. பிரிட்டன் சட்டத்தில் உடையாத வெள்ளைக் கோடு போட்டிருந்தால் மற்ற வண்டிகள் உள்ளே வரக்கூடாது. விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால் "முடிந்தவரை வராதே" என்ற அறிவுரை மட்டும். நீல நிறத்துக்கோ சட்டத்தில் எந்த அர்த்தமும் கிடையாது! கோடே இல்லாமல் வெறும் நீலம் மட்டும் பூசிய இடங்களில் அது அழகுக்குப் போட்ட கோலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பட்டை ஒன்றரை மீட்டர். சைக்கிள் ஹேண்டில் பார் அரை மீட்டருக்கு மேல். ஓரத்தில் சாக்கடை மூடியும் குப்பையும் இருந்தால் அங்கிருந்து கொஞ்சம் விலகித்தான் ஓட்ட முடியும். ஓரத்தில் கார் நின்றிருந்தால் அதன் கதவு திறந்தாலே ஒரு மீட்டர் போய்விடும். பக்கத்தில் வரும் லாரியின் அகலம் இரண்டரை மீட்டர், அதன் தடமோ மூன்று மீட்டர். கண்ணாடி வேறு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது சைக்கிள்காரருக்கும் லாரிக்கும் நடுவே எவ்வளவு மிஞ்சும்? கோடு இல்லாத சாலையில் லாரிக்காரர் சைக்கிளைப் பார்த்து ஒதுங்குவார். கோடு இருந்தால் கோட்டைப் பார்த்து ஓட்டுவார். தன் தடத்துக்குள் சரியாகத்தான் போகிறேன் என்று நினைப்பார், அதில் தவறும் இல்லை.

இது வெறும் ஊகம் அல்ல. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 60 சைக்கிள்களில் கருவி பொருத்தி, 18,000-க்கும் மேற்பட்ட தடவை வண்டிகள் எவ்வளவு நெருக்கமாகக் கடந்தன என்று அளந்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. ஓரத்தில் கார்கள் நிற்கும் சாலையில் பெயிண்ட் பாதை இருந்தால், எதுவுமே இல்லாத சாலையைவிட வண்டிகள் சராசரியாக 40 செ.மீ. கூடுதல் நெருக்கத்தில் கடந்தன. சந்திப்புகளில் ஆபத்து இதைவிடப் பெரிது.

பிரிட்டனிலும் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். சைக்கிள் பட்டை இடது ஓரம். சிவப்பு சிக்னலில் லாரி நிற்கிறது. நீலப் பட்டை முன்னே அழைக்கிறது. சைக்கிள்காரர் லாரியின் இடது பக்கமாக முன்னே போகிறார், அது அவருக்காகப் போட்ட வழிதானே! பச்சை விழுகிறது. லாரி இடது பக்கம் திரும்புகிறது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குத் தன் இடது கதவுக்குக் கீழே நிற்பவர் தெரியவே மாட்டார். லாரியின் முன்பகுதி அகலமாகத் திரும்பினாலும் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஓரத்தில் இருப்பவருக்குத் தப்பிக்க இடமே இல்லை.

2011 அக்டோபரில் போ ரவுண்டானாவில் 58 வயதுக்காரர் ஒருவர் இப்படித்தான் இடது பக்கம் திரும்பிய லாரியில் சிக்கி இறந்தார். பாதை திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மூன்றே வாரத்தில், நவம்பரில், அதே ரவுண்டானாவில் 34 வயதுப் பெண் ஒருவர் லாரி மோதி இறந்தார். லண்டன் போக்குவரத்துத் துறை அங்கே சைக்கிளுக்கு முன்கூட்டியே வழிவிடும் தனி சிக்னல் அமைத்தது. பட்டையோ அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு கணக்கையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. முதல் இரண்டு பாதைகளில் ஓர் ஆண்டுக்குள் சைக்கிள் எண்ணிக்கை எண் 7-ல் 46 சதவீதமும் எண் 3-ல் 83 சதவீதமும் கூடியதாகத் துறை அறிவித்தது. பெயிண்டுக்கு மக்களை வரவழைக்கும் சக்தி நிச்சயமாக இருந்தது. பிரச்சினையும் அதுதான். பிற்காலத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சூப்பர்ஹைவேக்களை ஆராய்ந்தபோது, விபத்து எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் சைக்கிள்கள் கூடியதே, ஒரு சைக்கிளுக்கான ஆபத்து மற்ற சாலைகளைவிடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். பட்டை போட்டதால்தான் செத்தார்கள் என்று சொன்ன கோபக்காரர்களுக்கு இந்த முடிவு பிடிக்காது. ஆனால் பாதுகாப்பான பாதை என்று விளம்பரம் செய்து அழைத்துவிட்டு, சாதாரண சாலையில் இருக்கும் அதே ஆபத்தைக் கொடுத்தால் அதை என்னவென்று சொல்வது? கமர்ஸ் படிப்பவர்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு ஒரு பெயர் படித்திருப்பார்கள்.

2012 லண்டனில் ஒலிம்பிக் ஆண்டு, மேயர் தேர்தல் ஆண்டும் கூட. லண்டன் சைக்கிள் பிரச்சார அமைப்பு "டச்சுக்காரர்களைப் போலச் செய்" என்று இயக்கம் நடத்தி 40,000-க்கும் மேற்பட்ட கையெழுத்து வாங்கியது. 1934-ல் தனிப் பாதை வேண்டாம் என்று நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது தனிப் பாதை கொடு என்று தெருவில் இறங்கினார்கள். ஜான்சன் ஒப்புக்கொண்டு மறுபடி ஜெயித்தார். 2013 ஜனவரியில் ஆண்ட்ரூ கில்லிகன் என்ற பத்திரிகையாளரை சைக்கிள் ஆணையராக நியமித்தார். மார்ச்சில் 91.3 கோடி பவுண்டுக்கு ஒரு பத்தாண்டுத் திட்டம் வெளியானது. காகிதத்தில் எல்லாம் சரி.

ஜூலை 2013. ஆல்ட்கேட் அருகே, எண் 2 சூப்பர்ஹைவேயில், வாடகை சைக்கிள் ஓட்டிவந்த 20 வயது பிரெஞ்சு மாணவி லாரி மோதி இறந்தார். நகரத்தின் வாடகை சைக்கிளில் ஏறி இறந்த முதல் ஆள் அவர். வெளியூரிலிருந்து படிக்கவந்த ஒரு பெண்ணுக்கு அந்த நீலப் பட்டையின் அர்த்தம் என்னவாக இருந்திருக்கும்? இங்கே போ என்பதைத் தவிர வேறு என்ன? அங்கே வெள்ளைக் கோடு இல்லை, வெறும் நீலம்தான்.

இவருடைய மரணத்தையும் 2011 அக்டோபர் மரணத்தையும் விசாரித்தவர் மரண விசாரணை அதிகாரி மேரி ஹாசல். பிரிட்டனில் இப்படிப்பட்ட அதிகாரிக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. ஒருவர் எப்படி இறந்தார் என்று சொல்வதோடு நிற்காமல், இன்னொருவர் அதே மாதிரி இறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சம்பந்தப்பட்ட துறைக்கு எழுதலாம், துறை பதில் சொல்லியே ஆகவேண்டும். 2013 அக்டோபரில் ஹாசல் அப்படி எழுதினார். பட்டை ஓட்டுபவர்களுக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுக்கிறது, வண்டி ஓட்டுநர்களுக்கும் அது என்னவென்று புரியவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். பிரச்சார அமைப்புகள் இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருந்ததை இப்போது ஓர் அரசு அதிகாரி முத்திரை குத்திச் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் வந்தது இன்னும் கொடுமை. நவம்பர் 5-லிருந்து 18-க்குள், இரண்டே வாரத்தில், லண்டனில் ஆறு சைக்கிள்காரர்கள் இறந்தார்கள். அவர்களில் மூன்று பேர் எண் 2 வழித்தடத்தில். அதில் ஒருவர் மறுபடியும் அதே போ ரவுண்டானாவில்! இத்தனைக்கும் அந்த நவம்பரில்தான் போவிலிருந்து கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டு வரை எண் 2-ஐ நீட்டித் திறந்திருந்தார்கள். அந்தப் புதிய துண்டில் நீலப் பட்டைக்கும் வண்டிகளுக்கும் நடுவே கல் தடுப்பு இருந்தது. பேருந்து நிறுத்தங்களில் பாதை நிறுத்தத்துக்குப் பின்னால் சுற்றிப் போனது. ரவுண்டானாவுக்கு ஒரு பக்கம் கல், மறு பக்கம் பெயிண்ட். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே எண்.

சைக்கிள்காரர்களில் சிலர் எடுக்கும் முடிவுகளே உயிருக்கு ஆபத்தாக இருக்கிறது, அவர்களும் விதிகளை மதிக்க வேண்டும் என்ற தொனியில் மேயர் வானொலியில் பேசினார். இறந்தவர்களின் துக்கம் ஆறாத நேரத்தில் அந்தப் பேச்சு எப்படி எடுபடும்? நவம்பர் 29 மாலை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போக்குவரத்துத் துறை அலுவலகத்தின் முன் கூடி, சாலையில் சைக்கிளைச் சாய்த்துப்போட்டு, பக்கத்திலேயே பிணம் போலப் படுத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகுதான் கல் வர ஆரம்பித்தது. அதுவும் சுலபமாக வரவில்லை. 2014-ல் தேம்ஸ் நதியோரம் கிழக்கு-மேற்காக ஒரு தடம், வடக்கு-தெற்காக ஒன்று என்று கல் தடுப்புப் பாதைகளுக்கான வரைபடத்தை மக்களிடம் வைத்தார்கள். 21,000-க்கும் மேல் பதில்கள் வந்தன, 84 சதவீதம் ஆதரவு. கனரி வார்ஃப் பகுதியின் பெரிய கட்டட நிறுவனம் எதிர்த்தது. காருக்கு ஒரு தடம் குறைந்தால் நெரிசலில் வியாபாரம் பாதிக்கும் என்பது வாதம். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், அதில் பெரிய வங்கிகளும் உண்டு, எங்கள் ஊழியர்கள் உயிரோடு வேலைக்கு வரவேண்டும் என்று ஆதரவுக் கடிதம் கொடுத்தன. 2015 பிப்ரவரியில் சுமார் 16 கோடி பவுண்டுக்குத் துறையின் வாரியம் ஒப்புதல் தந்தது. கறுப்பு டாக்ஸி ஓட்டுநர் சங்கம் வழக்குப் போட்டது. 2016 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

பெயிண்ட் மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பணத்தைவிட முக்கியமான இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெயிண்ட் யாரிடமிருந்தும் எதையும் எடுப்பதில்லை. கார் அங்கேயே நிற்கலாம், லாரி அங்கேயே சரக்கு இறக்கலாம், டாக்ஸி சங்கம் வழக்குப் போடத் தேவையில்லை. கல் வைத்தால் ஒருவருடைய இடத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டும். 2010-ல் தவிர்த்த சண்டையைத்தான் 2014-ல் போட்டார்கள்.

2016 ஏப்ரல் வாக்கில் போ-ஆல்ட்கேட் தடத்தின் பெரும்பகுதி கல் தடுப்போடு மறுபடி திறக்கப்பட்டது. சில சந்திப்புகளில் சைக்கிளுக்குப் பச்சை எரியும்போது இடது பக்கம் திரும்பும் வண்டிகளைச் சிவப்பில் நிறுத்திவைத்தார்கள். அதாவது அந்த லாரி இப்போது காத்திருக்கும். ஆற்றோரத் தடமும் அதே வசந்தத்தில் திறந்தது. அங்கே சாலைப் பரப்பில் 30 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்ட சைக்கிள் தடம், நெரிசல் நேரத்தில் அந்தச் சாலையில் போகும் ஆட்களில் 46 சதவீதம் பேரைச் சுமந்ததாக அந்த ஆண்டின் இறுதியில் துறை கணக்குக் கொடுத்தது.

2020-ல் லண்டனின் காலை நேர சைக்கிள் பயணங்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. தடுப்பு உள்ள பாதைகளில் காயமடையும் வாய்ப்பு 40 முதல் 65 சதவீதம் வரை குறைவு. விட்டுவிட்டுக் கோடு போட்ட பாதைகளில் எதுவும் இல்லாத சாலையைவிட 34 சதவீதம் அதிகம்! உடையாத கோடு போட்ட பாதைகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அதே 2020 ஜூலையில் இங்கிலாந்து முழுமைக்குமான புதிய சைக்கிள் கொள்கையும் வடிவமைப்பு விதிகளும் வெளியாயின. வண்டிகள் அதிகம் ஓடும் சாலையில் சைக்கிளைப் பிரித்தே ஆகவேண்டும், வெறும் பெயிண்ட் பாதுகாப்பு ஆகாது, தரத்துக்கு வராத திட்டத்துக்கு அரசுப் பணம் கிடையாது என்று அவை சொல்லின. கொள்கை அறிக்கையின் முன்னுரையில் கையெழுத்துப் போட்டிருப்பவர் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன்.